ஊற்றை மிதித்தவர்

வெள்ளாற்றங்கரை மடத்துக் கிணறு சித்திரையில் வற்றிவிட்டது. நடு ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித்தான் எல்லோரும் தண்ணீர் எடுத்தார்கள். ஊற்றின் ஓரத்தில் மண்டியிட்டு, கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். அதில் யாரும் கால் வைப்பதில்லை.

மடத்துச் சீடர் கலியமூர்த்தி வைத்தார். செருப்புக் காலோடு மிதித்து, ஊற்றை மணலால் தூர்த்தார்.

"பெரியவரே, புத்தி கெட்டுப்போச்சா?" குடத்தோடு நின்ற ராசாத்தி கத்தினாள். "குடிக்கிற தண்ணியில காலை வைக்கிறீங்களே!"

"குடிக்கிற தண்ணியா? என் மகளைக் குடிச்ச தண்ணி!"

ஐப்பசி வெள்ளத்தில் பரிசல் கவிழ்ந்து இறந்துபோனவள் அவருடைய மகள் செண்பகவல்லி. அன்றிலிருந்து அவர் ஆற்று நீரைத் தொட்டதில்லை. மடத்து வாசலில் அவள் நட்ட புன்னைக்கன்றுக்குக்கூடக் கிணற்று நீரையே ஊற்றிவந்தார். இப்போது அதுவும் இல்லை. கன்றின் இலைகள் சுருளத் தொடங்கியிருந்தன.

சத்தம் கேட்டு மெய்யம்மை வெறுங்குடத்தோடு ஆற்றில் இறங்கி வந்தார். மடத்தின் குரு அவர். கலியமூர்த்தியைவிட வயதில் இளையவர்.

"பருவத்தைப் பாருங்க, அதுல பாடம் இருக்குன்னு தினமும் சொல்றீங்களேம்மா," கலியமூர்த்தி சீறினார். "ஐப்பசியில என் பிள்ளையைக் கொன்னுச்சு. சித்திரையில ஒண்ணும் தெரியாத மாதிரி ஊறுது. இதுல என்ன பாடம்? சொல்லுங்க!"

"தோண்டுங்க."

"என்னது?"

"தூர்த்தது நீங்க. இவ வீட்டுல உலைக்குத் தண்ணி இல்ல. தோண்டுங்க."

கலியமூர்த்தி மணலோடு மல்லுக்கட்டினார். வாரிய வேகத்தில் பக்கங்கள் சரிந்து குழியை மூடின.

"ஆத்து மேல கோவம் சரி," என்றாள் ராசாத்தி. "மணல் என்ன பாவம் பண்ணுச்சு?"

"வாயை மூடு!"

"அகலமாத் தோண்டுங்க. சரியாது," என்றார் மெய்யம்மை. உதவிக்குக் குனியவில்லை.

நீர் கசிந்தது, சேறாக. கலியமூர்த்தி மொண்டு வெளியே கொட்டினார். மறுபடி ஊறியது, கலங்கலாக. அதையும் கொட்டினார். வெயில் ஏறியது. வெகுநேரம் கழித்து, ஊற்றின் அடிமணல் தெளிவாகத் தெரிந்தது. ராசாத்தி குடத்தை நிரப்பிக்கொண்டு அவரை முறைத்தபடியே கரையேறினாள்.

"புன்னைக்கன்னை எந்த மாசம் வெச்சா உங்க மக?" மெய்யம்மை கேட்டார்.

"ஆடியில."

"அப்பக் கிணத்துல தண்ணி இருந்துச்சு. அதையா ஊத்தினா?"

கலியமூர்த்தி ஊற்றிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"இல்ல. ஆத்துல புதுத் தண்ணி வந்துடுச்சுப்பான்னு கத்திக்கிட்டே ஓடினா. இடுப்புல குடத்தோட, பாதி சேலை நனைஞ்சு... இங்கேருந்துதான் கொண்டாந்தா."

சொல்லிவிட்டு, கொட்டாங்குச்சியை மணலில் வீசி அடித்தார்.

"என்னால இந்த ஆத்தை மன்னிக்க முடியாதும்மா. சாகிறவரைக்கும் முடியாது!"

மெய்யம்மை கொட்டாங்குச்சியை எடுத்து, ஒட்டிய மணலைத் தட்டி, வெறுங்குடத்தின் மேல் கவிழ்த்து அவர் முன்னால் வைத்தார்.

"ஆறு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கலையே, ஐயா. கன்னுதான் தண்ணி கேக்குது."