பொன்சீலி பாடிய கீர்த்தனை

தவசீலன் ஊர்க் கிறிஸ்தவ சபையின் உபதேசியார்; போதகருக்குத் துணையாக ஜெபமும் பாட்டும் நடத்துகிறவர். அவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். உயிர் பிழைத்தது, குரல் போய்விட்டது. கோயிலின் கடைசி பெஞ்சுவரை எட்டிய குரல் இப்போது பக்கத்தில் நிற்பவருக்கே வெறும் காற்றாகத்தான் கேட்டது.

அதோடு வீட்டில் மாலை ஜெபமும் நின்றுபோனது. கல்யாணமான நாளிலிருந்து அவர் பாடுவார், மனைவி பொன்சீலி வேதம் வாசிப்பாள், பிறகு ஆளுக்கொரு ஜெபம். இப்போது விளக்குப் போடும் நேரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு குளத்தங்கரைக்குக் கிளம்பிவிடுவார். அவள் பாயை விரிப்பாள், கொஞ்ச நேரம் பார்ப்பாள், சுருட்டி வைத்துவிடுவாள்.

ஒருநாள் வாசலை மறித்து நின்றாள்.

"டாக்டர் உங்களைப் பேச வேண்டாம்னுதான் சொன்னாரு. என் பக்கத்துல உட்காரவுமா வேண்டாம்னாரு?"

அவருக்குச் சுருக்கென்றது. அன்றைக்குக் கால்கள் குளத்தங்கரைக்குப் போகவில்லை. போதகர் கிதியோன் வீட்டுக்குப் போயின. போதகர் வயதில் இளையவர்தான். ஆனாலும் மனதில் ஒரு கேள்வி வந்தால் தவசீலன் அவரைத்தான் தேடிப் போவார்.

போதகர் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். தவசீலன் அவர் காதருகே போய்க் கிசுகிசுத்தார்.

"ஐயா, புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து ஜெபிக்கணும்னு கல்யாண வீடுதோறும் சொன்னவன் நான்."

"ஆமா. என் கல்யாணத்துலயும் சொன்னீங்க."

"இப்ப என் பங்குக்குக் காத்துதான் வருது. அரை ஜெபத்தை ஆண்டவர் கேப்பாரா?"

போதகர் கையிலிருந்த துண்டை மடித்து முடித்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் உங்க வீட்டுல ஜெபம். நான் வாரேன்."

மறுநாள் வந்தார். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, ஒரு கீர்த்தனை பாடுங்க."

பொன்சீலி திகைத்தாள். "நானா? பாட்டுக் குழுவுல இருந்து என்னை எடுத்ததே இவருதான், ஐயா."

"இன்னைக்கு உங்களை யாரும் எடுக்க மாட்டாங்க. பாடுங்க."

தவசீலன் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் கண்ணை மூடித் தொடங்கினாள். முதல் அடியே கூரையைத் தொட்டது. அடுத்த அடிக்கு மேலே போக இடமில்லை. குரல் பிசிறியது, சறுக்கியது, வழியில் அகப்பட்ட ஏதோ கிறிஸ்துமஸ் பாட்டின் ராகத்தைப் பிடித்துக்கொண்டது. சொல் ஒரு பாட்டு, மெட்டு வேறு பாட்டு. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை.

தவசீலனுக்குச் சோற்றில் கல் கடித்ததுபோல் இருந்தது. கை தானாக எழுந்தது. உள்ளங்கையைத் தாழ்த்தி, இறங்கு என்றார். அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து இறங்கினாள். தொடையில் தட்டி, மெதுவாக என்றார். நிதானித்தாள். இப்போது ஏறு என்று கையை உயர்த்தினார். அவள் இன்னும் கீழே போனாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாமல் தோள்கள் மட்டும் குலுங்கின. மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் அவர் சிரித்து அவள் பார்க்கவில்லை. பாட்டின் நடுவிலேயே அவளும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருங்க, மொதல்ல இருந்து வாரேன்" என்றாள்.

இந்த முறை அவருடைய உதடுகளும் அசைந்தன. அவள் குரலுக்கடியில் அவர் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. கை மட்டும் தாளத்தை விடவில்லை.

போதகர் ஓசைப்படாமல் எழுந்து வெளியே போனார். தவசீலன் பின்னாலேயே ஓடி வந்து அவரை வாசலில் பிடித்தார்.

"என்னங்கையா, ஜெபம் பண்ணாமப் போறீங்க. என் கேள்விக்கும் பதில் சொல்லல."

உள்ளே பாட்டு நிற்கவில்லை. போதகர் செருப்பை மாட்டியபடியே கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டார்.

"உபதேசியாரே, சீக்கிரம் உள்ள போங்க. அக்கா ரெண்டாம் சரணத்தை உச்சத்துல எடுத்துட்டாங்க."