தொளதொளக் காப்பு

"நாளைக்கு மழை வருமா வராதான்னே சொல்ல முடியல. இதுல அஞ்சு வருசத்துக்கு ஒரு சபதம் எடுக்கலாமா தாயே?"

கேட்டவன் சடையாண்டி. ஐம்பதைத் தாண்டியவன். எதையும் தொடங்குவான், எதையும் முடிக்க மாட்டான். பாதியில் நின்ற மாட்டுக்கொட்டகை, பாதியில் நின்ற வேலி, பாதியில் நின்ற வழக்கு. அவன் வீட்டில் முழுசாக இருந்தது பெண்டாட்டி ஒச்சம்மாவின் பொறுமை ஒன்றுதான். அதுவும் போன மாசம் தீர்ந்துபோனது.

"ஒரே ஒரு காரியத்தை முடிச்சுக் காட்டு. அன்னைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவன் கேட்டது காமாயித்தாயிடம். கரட்டுக் குன்றின் அடியில் சின்னதாக ஒரு மடம் வைத்திருந்தாள். சடையாண்டியைவிட வயதில் இளையவள். அதிலேயே அவனுக்குப் பாதிச் சந்தேகம்.

"என்ன சபதம்?"

"என் காட்டுல கிணறு வெட்டணும். ஒத்த ஆளா."

"அதுக்கு அஞ்சு வருசமா?"

"பாறை வந்தா ஆகும். மழை சரிச்சுவிட்டா ஆகும். நான் காய்ச்சல்ல படுத்தா ஆகும்."

"அப்ப எடுக்கலாம்" என்றாள்.

நூலைத் திரித்து, மஞ்சள் துண்டு கோத்து, அவன் வலது மணிக்கட்டில் காப்புக் கட்டினாள். காரியம் முடியும்வரை காப்பு கையில் இருக்க வேண்டும். தானாகக் கழன்று விழுந்தால் சபதம் கெட்டது. அது அந்த ஊர் வழக்கம்.

சடையாண்டி கையைத் தொங்கவிட்டுப் பார்த்தான். காப்பு சர்ரென்று இறங்கிப் புறங்கையில் வந்து நின்றது.

சட்டென்று அதை மேலே தள்ளிவிட்டான்.

அன்றைக்குத்தான் மாசித் திருவிழாவுக்கு விரதம் இருப்பவர்களும் வரிசையில் நின்று காப்புக் கட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கெல்லாம் சதையோடு சதையாக இறுக்கிக் கட்டினாள். இவனுக்கு மட்டும் தொளதொளவென்று.

ஏன் தாயே என்று அங்கேயே கேட்டிருக்கலாம். கேட்பானா அவன்! பக்கத்துக் காட்டுத் தவசியிடம் போனான்.

"அந்தம்மா என்னைப் பத்தி என்னடா நினைக்குது?"

"நல்லாத்தான் நினைக்கும்."

"ஒச்சம்மா எதுவும் சொல்லிவிட்டிருப்பாளோ?"

"ஒனக்கு வேற சோலியே கெடையாதா?"

சரிதான், தவசியும் இதில் கூட்டு என்று சடையாண்டி முடிவுகட்டினான். இவன் பாதியில் விடுகிறவன் என்று ஒச்சம்மா போய் வத்தி வைத்திருக்கிறாள். அதனால்தான் விழுகிற மாதிரி கட்டியிருக்கிறாள் அந்தம்மா. காப்பு விழும். கிணறு பாதியில் நிற்கும். ஊரே சிரிக்கும். விட்டுவிடுவானா?

வீட்டுக்கு வந்ததும் நூலைப் பல்லால் கடித்து இழுத்தான். எலும்பில் உரசும்படி இறுக்கி, முடிச்சுமேல் முடிச்சுப் போட்டான்.

"இப்ப விழு பாப்போம்" என்றான் காப்பிடம்.

கோடை முழுவதும் வெட்டினான். படி வைத்து இறங்கினான். மண்ணைத் தலையில் சுமந்து மேலே கொட்டினான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை விடாமல் செய்தான். ஒச்சம்மா ஒருநாள் பாதையோரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள் என்று தவசி வந்து சொன்னான்.

"வேவு பாக்க வந்திருப்பா" என்றான் சடையாண்டி. ஆனால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோசம்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கிணற்றின் ஒரு பக்கம் சரிந்தது. உருண்டு வந்த கல்லைத் தடுக்கப் போய் வலது கை நசுங்கியது. விடிவதற்குள் கை பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. நூல் சதைக்குள் புதைந்துபோனது. விரல்கள் கறுத்து, கிள்ளினாலும் தெரியவில்லை.

தவசி கத்தியோடு ஓடி வந்தான்.

"நூலை அறுத்துருவோம்டா. இல்லேன்னா ஆஸ்பத்திரியில கையையே எடுத்துருவாங்க."

"கிட்ட வந்தே, கொன்னுருவேன்! காப்பு போனா கிணறு போச்சு. கிணறு போனா அவ வர மாட்டா. அதானடா ஒனக்கு வேணும்?"

கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மடத்துக்கு ஓடினான்.

காமாயித்தாய் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். கையைப் பார்த்தாள். பாக்குவெட்டியை எடுத்தாள். அவன் சுதாரிப்பதற்குள் நூல் இரண்டாகிவிட்டது.

"அடிப் பாவி! கெடுத்துட்டியே!"

தாயாவது, குருவாவது, எல்லாம் மறந்துபோனது அவனுக்கு. தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

"நூல்தான போச்சு. கடப்பாரை இருக்குல்ல?"

"இருக்கு."

"குழி?"

"பாதி மூடிக்கிச்சு."

"மீதிப் பாதி இருக்குல்ல. மொதல்ல போயி வைத்தியர்ட்டக் கையைக் காட்டு. போறதுக்கு முன்னாடி இன்னொரு கையை நீட்டு."

இடது கையை நீட்டினான். புது நூல் திரித்துக் கட்டினாள். கட்டி முடித்ததுதான் தாமதம், கையை உதறிப் பார்த்தான். காப்பு சர்ரென்று இறங்கியது.

இனிப் பொறுப்பானா?

"மறுபடியும் தொளதொள! ஊருக்கெல்லாம் இறுக்கிக் கட்டுற, எனக்கு மட்டும் ஏன் இப்படி? எப்படியும் இவன் பாதியில ஓடிருவான்னுதான? உண்மையைச் சொல்லு!"

அவள் நறுக்கிய பாக்கை வாயில் போட்டுக்கொண்டாள்.

"திருவிழாவுக்குக் கட்டுறவங்க எட்டு நாள்ல கழட்டிருவாங்க. எட்டு நாள்ல கை என்ன ஆயிரப்போகுது? நீ அஞ்சு வருசம் கேட்ட. அஞ்சு வருசமும் ஒன் கை இதே கையா இருக்கும்னு ஒனக்கு யாருய்யா சொன்னது?"