பாகற்காய்க்கு வந்த தடை

பிறந்ததிலிருந்து பாகற்காயை வாயில் வைக்காதவர் மிராசுதார் திருவேங்கடம். அதோடு சும்மா இருந்தாரா? "நான் சாப்பிடாததை என் எல்லைக்குள் எந்த வாயும் தொடக்கூடாது. தொட்டால் வேலை போச்சு!" என்று தமுக்கடிக்கச் சொன்னார்.

அவருடைய மாட்டுக்காரன் காத்தானுக்கோ பாகற்காய்க் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. மறுநாள் மத்தியானம் மிராசுதார் இலை முன்னால் உட்கார்ந்த நேரம் பார்த்து, இரண்டு காளைகளையும் கூடத்துக்குள் ஓட்டி வந்தான். ஒன்று பாயசத்தை நக்கியது.

"அடேய், என்னடா இது?"

"எசமான் வைக்கோல் சாப்பிட்டதே இல்லீங்களே. இதுங்களுக்கும் வாய்தானுங்களே? அதான் சாப்பாட்டுக்குக் கூட்டியாந்தேன்."

சொன்ன சொல்லை மாற்றுவதா? மிராசுதார் வீம்புக்குக் காத்தான் முண்டாசில் ஒட்டியிருந்த வைக்கோலை உருவி, மென்று, கண்ணில் நீர் வர விழுங்கினார். "சாப்பிட்டாச்சு! ஓட்டிக்கிட்டுப் போ!"

"இருங்க எசமான், மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று புளித்த கழுநீர் வாளியை அவர் முன்னால் வைத்தான் காத்தான். "முதல்ல நீங்க ஒரு வாய்..."

நாற்றம் மூக்கில் ஏறியது. "பாகற்காயை எவன் வேணும்னாலும் தின்னு தொலைங்கடா!" என்று அலறிக்கொண்டு கொல்லைக்கு ஓடினார் மிராசுதார்.

மாட்டுக்குத் தண்ணி காட்டுவதுதான் காத்தான் வேலை. அன்றைக்கு மிராசுதாருக்கும் சேர்த்துக் காட்டிவிட்டான்.