முகட்டுக் கற்குவியல்

ஏரிக்காட்டுக்கும் புளியந்துறைக்கும் நடுவில் ஒரு மலை. அதன் முகட்டில் ஆள் உயரத்துக்குக் கற்குவியல் ஒன்று உண்டு. பாட்டன் பூட்டனுக்கும் முந்திய காலத்துச் சமாதி. உள்ளே இருப்பது யாரென்று எவருக்கும் தெரியாது. மலையேறுகிறவர்கள் அடிவாரத்திலிருந்து ஒரு கல் கொண்டுவந்து அதன்மேல் வைப்பது வழக்கம். ஏரிக்காட்டுப் பக்கம் கருங்கல். புளியந்துறைப் பக்கம் வெள்ளைக்கல்.

முகட்டு மேய்ச்சல் யாருக்கு என்று தகராறு வந்தது. எந்தக் கல் அதிகமோ அந்த ஊருக்கு என்று பேசி முடித்தார்கள். மூன்றாம் நாள் இரு ஊராரும் கூடி எண்ணிப் பார்ப்பதாக ஏற்பாடு.

எண்ணுவதற்கு முந்தின நாள், ஏரிக்காட்டுத் தலைவர் காரியப்பன் விடிந்ததிலிருந்து கூடை கூடையாகக் கருங்கல் சுமந்தார். அறுபது வயதில், ஊர் மருத்துவச்சியும் பெரிய பக்தையுமான இருளாயி அம்மாவிடம் உபதேசம் வாங்கிக்கொண்டவர் அவர்.

உச்சிவேளையில் அம்மாவே மறுபக்கமாக ஏறி வந்தார்.

"என்ன காரியப்பா, மூச்சு இப்படி வாங்குது?"

"கல்லு கொஞ்சம் குறையுது தாயி."

"யாருக்குக் குறையுது?"

அவர் கூடையைப் பார்த்துக்கொண்டார்.

"தப்புதான் தாயி. முகடு கைவிட்டுப் போனா நாற்பது வீட்டு மாடும் எங்க போய் மேயும்? நீங்களே சொல்லுங்க."

அம்மா மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் குவியலின்மேல் வைத்தார். கைகூப்பிக் கண்ணை மூடி நின்றார். வெள்ளைக்கல்.

"ஐயோ தாயி! நீங்க நம்ம ஊரு! என்ன காரியம் பண்ணிட்டீங்க?"

"புளியந்துறையில ஒரு பொண்ணுக்குப் பிரசவம். பார்த்துட்டு அப்படியே ஏறி வந்தேன். அங்க கிடந்த கல்லைத்தானே எடுக்க முடியும்?"

"அவங்களுக்கு ஒண்ணு கூடிப்போச்சே!"

"அவங்களுக்கா? உள்ள படுத்திருக்கிறவருக்குன்னுல்ல வச்சேன்."

காரியப்பன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். காலையிலிருந்து ஒரு தடவைகூட அவர் கைகூப்பவில்லை.

பிறகு கேட்டார்.

"அப்போ நாளைக்கு எதைக் காட்டி மேய்ச்சலைக் கேக்குறது தாயி?"

"உங்க மாட்டை ஓட்டிட்டு வாங்க. விலா எலும்பு தெரியுது. அவங்களும் மாடு வளர்க்கிறவங்கதானே."