குறுக்கே வந்த சிக்னல்

"மேடம், இனிமே என் புரோகிராம் பாதியில நிக்காது," என்றார் அணைப் பொறியாளர் தனசிங்.

முத்தரசி அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் சி என்ற கணினி மொழியில் சந்தேகம் என்றால், அணையில் வேலை பார்க்கும் பொறியாளர்கள் எல்லோரும் அவர் வீட்டு வாசலில்தான் செருப்பைக் கழற்றுவார்கள்.

"முன்னாடி ஏன் நின்னுச்சு?"



அணையின் வெள்ளச் சைரனை ஊதவைக்கும் புரோகிராம் தனசிங் எழுதியது. தண்ணீர் மட்டத்தை அளக்கும் சென்சாரிடம் அது 'ரீட்' என்ற கட்டளையால் அளவைக் கேட்கும். பதில் வரும்வரை, கணினியை உள்ளிருந்து நடத்தும் கர்னல் அதைத் தூங்கவைக்கும்.

போன மாதம், அது தூங்கிக்கொண்டிருந்தபோது, தோளைத் தட்டிக் கூப்பிடுவது போல ஒரு சிக்னல் வந்தது. அறிக்கை அனுப்பப் போன துணைப் புரோகிராம், தன் வேலை முடிந்தது என்று சொல்லிய சிக்னல். வேறொன்றுமில்லை. ரீட் பாதியில் எழுந்து, குறுக்கே சிக்னல் வந்துவிட்டது என்று கையை விரித்தது. தனசிங்கின் புரோகிராம் சென்சாரே செத்துவிட்டது என்று நினைத்துக் கடையைக் கட்டியது.

அன்று சைரன் ஊதவில்லை. ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு தாயும் மகளும் வெள்ளத்தோடு போய்விட்டார்கள்.

"இப்ப என்ன பண்ணியிருக்கீங்க, சார்?"

"எந்தச் சிக்னல் வந்தாலும் ரீட் தானா மறுபடி ஆரம்பிக்கிற மாதிரி வச்சுட்டேன். ஒரே ஒரு ஃபிளாக், சின்ன சுவிட்ச் மாதிரிதான், மேடம். யாரு தட்டினாலும் இனி அது அசையாது. நாளைக்கு அணையில போடுறோம்."

தனசிங்கின் மூளை நல்ல மூளைதான். அடிபட்ட இடத்தில் மட்டும் கட்டுப்போடும் மூளை.

சோதனைக்காக அவர் கொண்டுவந்த சென்சார் மேசைமேல் இருந்தது. லேப்டாப்பில் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது.

முத்தரசி கத்தரிக்கோலை எடுத்துச் சென்சாரின் வயரை வெட்டினார்.

"ஐயோ, மேடம்!"

"வெள்ளமும் இதைத்தான் பண்ணும். அப்ப?"

"அதுக்கு டைமர் வச்சிருக்கேனே. கொஞ்ச நேரம் சென்சார் பேசலேன்னா அது ஒரு சிக்னல் அனுப்பும். ரீட் எந்திரிச்சு சைரனை ஊத விட்டுரும்."

இருவரும் காத்திருந்தார்கள்.

டைமர் சிக்னல் அனுப்பியது. திரையில் அதற்கான வரி வந்தது. ரீட் மறுபடி காத்திருக்கப் போனது.

இன்னொரு சிக்னல். ரீட் மறுபடியும் காத்திருக்கப் போனது.

சைரன் ஊதவில்லை. இல்லாத வயரின் முனையில் தண்ணீர் வருமென்று ரீட் உட்கார்ந்திருந்தது.

தனசிங் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். புரோகிராமை நிறுத்தும் விசைகளை அழுத்தினார். அதுவும் ஒரு சிக்னல்தானே. ரீட் அசையவில்லை.

"இது எதுக்கும் எந்திரிக்காது போல, மேடம்."

"ஒண்ணே ஒண்ணு இருக்கு."

முத்தரசி 'கில் மைனஸ் ஒன்பது' என்ற கொல்லும் கட்டளையைத் தட்டினார். புரோகிராம் சத்தமில்லாமல் செத்தது.

"கடைசியா ஒரு வரிகூட எழுதலையே?"

"எழுத விடாது. அந்தச் சிக்னலை யாராலும் பிடிக்க முடியாது, சார். அந்த அம்மாவுக்கும் பொண்ணுக்கும் வந்தது அதுதான்."

தனசிங் வெட்டுப்பட்ட வயரைக் கையில் எடுத்தார். பாவம், மனுஷன் ஒரு மாதமாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

"முன்னாடி யாரு தட்டினாலும் செத்துச்சு. இப்ப யாரு தட்டினாலும் எந்திரிக்கல. நான் என்னதான் பண்ணணும்? சொல்லுங்க."

அவர் பையில் கைபேசி அதிர்ந்தது. பார்க்காமலே பொத்தானை அழுத்தி அடக்கினார்.

"நீங்க சொல்லுங்க, மேடம்."

முத்தரசி சொல்ல வந்ததைப் பாதியில் விட்டு, அவர் பையைப் பார்த்தார்.

"யாரு சார் அது?"

"யாரோ. நீங்க விட்ட இடத்திலேருந்து சொல்லுங்க."

"யாருன்னு பாருங்க."

பார்த்தார். இசக்கி, அணைக் காவலாளி. சைரன் பழுதாக இருக்கும்வரை தண்ணீரைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவன். மட்டம் ஏறினால் அவன் தனசிங்கைக் கூப்பிட வேண்டும், தனசிங் ஆற்றங்கரை ஊருக்குச் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்ததே தனசிங்தான்.

அதற்கு முன்னாலும் எடுக்காத அழைப்புகள் இருந்தன. எல்லாம் இசக்கி. அவர் இங்கே வந்து உட்கார்ந்ததிலிருந்து.

தனசிங் திருப்பி அழைத்தார்.

மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.