நிஷிவாகியின் அரைப் பக்கம்

“குருவே, முந்நூறு பேரைப் பற்றி எழுதிவிட்டேன். ஒருவரைப் பற்றி மட்டும் எழுதி முடிக்க முடியவில்லை” என்றார் ஒகாபே.

அவருக்கு எழுபத்திரண்டு வயது. ஜப்பானியப் பத்திரிகை ஒன்றில் நாற்பது ஆண்டுகள் பேஸ்பால் ஆட்டங்களைப் பற்றி எழுதியவர். ஓய்வு பெற்றபின் மலைக்கோயிலுக்கு வந்து, தன்னைவிட முப்பது வயது இளையவரான பிக்குணி ஷின்ரியோவுக்குச் சீடரானார். பழைய ஆட்டக்காரர்களின் வாழ்க்கையை, ஆளுக்கு அரைப் பக்கமாகப் புத்தகம் ஆக்கிக்கொண்டிருந்தார்.

“எழுதிய வரைக்கும் படியுங்கள்” என்றார் ஷின்ரியோ.

ஒகாபே படித்தார்.

“நிஷிவாகி. இடக்கைப் பந்துவீச்சாளர். ஒன்பது ஆண்டுகள் ஆடினார். அறுபத்தொரு வெற்றி, எண்பத்தெட்டுத் தோல்வி. முப்பதாவது வயதில் அணியிலிருந்து விலகினார்.”

“ஏன் விலகினார்?”

ஒகாபே தாளை மடித்து வைத்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மழைச் சத்தத்தினூடே அந்தக் கதையைச் சொன்னார்.

சூதாடிகளுக்காக நிஷிவாகி ஓர் ஆட்டத்தை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தார் என்று யாரோ சொன்னதை, விசாரிக்காமல் ஒகாபே அப்போது பத்திரிகையில் எழுதிவிட்டார். அணி நிஷிவாகியை நீக்கியது. வேறு எந்த அணியும் சேர்த்துக்கொள்ளவில்லை.

இரண்டு மாதம் கழித்து அது பொய் என்று ஒகாபேவுக்குத் தெரிந்தது. அன்றைய ஆட்டத்தில் நிஷிவாகியின் தோளில் தசை கிழிந்திருந்தது. வெளியே சொல்லாமல் வலியோடு வீசியிருக்கிறார்.

அதை ஒகாபே எழுதவில்லை. எழுதினால் வேலை போய்விடும் என்று பயந்தார்.

நிஷிவாகி துறைமுகத்தில் மீன்கூடை சுமக்கப் போனார். அந்தத் தோளோடு.

“உயிரோடு இருக்கிறாரா?”

“இருக்கிறார். வடக்கே ஒரு முதியோர் இல்லத்தில்.”

“போய் அவரிடமே படித்துக் காட்டுங்கள்.”

ஒகாபே மறுநாள் கிளம்பினார். ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தார். நடந்ததைச் சொன்னார்.

நிஷிவாகிக்குத் தன் பெயரே மறந்துபோயிருந்தது. ஒகாபே படித்ததை யாரோ ஒருவருடைய கதையைப் போலக் கேட்டார். இந்த ஆள் நன்றாக வீசுவானா என்று விசாரித்தார். நன்றாக வீசுவார் என்றார் ஒகாபே. பிறகு ஏன் விட்டுவிட்டான் என்று கேட்டார் நிஷிவாகி.

ஒருவன் பொய் எழுதிவிட்டான் என்று ஒகாபே சொன்னார். அந்த ஒருவன் நான்தான் என்று சொல்லித் தரையில் தலைபட விழுந்தார்.

நிஷிவாகி பதறிப்போய் அவரைத் தூக்கிவிட்டார். வலக்கையால்தான் தூக்கினார். இடக்கை மேலே எழவில்லை.

“எனக்கு நீங்கள் ஒன்றும் செய்யவில்லையே” என்றார். அழுகிறவருக்குத் தன் தேநீரைக் கொடுத்தார்.

இதைச் சொல்லி முடித்த ஒகாபே, எழுதிய தாளைக் குருவின் முன் வைத்தார்.

“அவருக்கு எதுவுமே நினைவில்லை, குருவே. இனி நான் யாரிடம் மன்னிப்புக் கேட்பது?”

ஷின்ரியோ அந்தத் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

“அன்றைக்கு உங்கள் பத்திரிகையை எத்தனை பேர் படித்தார்கள்?”

“நான்கு லட்சம் பேர்.”

“அவர்களுக்கு நினைவிருக்கும்.”