மூக்குவழிக் கஞ்சி

முதலில் தப்புச் செய்தது ஆவுடையப்பன். அதை மறந்துவிடாமல் மேலே படியுங்கள்.

ஆவுடையப்பன் மகள் கல்யாணத்தில் பந்தல் கால் நட்டதிலிருந்து தண்ணீர் சுமந்தது வரை எல்லா வேலையும் பார்த்தவர் அவருடைய தம்பி உலகநாதன். மத்தியானம் மூன்றாம் பந்தியில்தான் அவருக்கு இலை கிடைத்தது. சாம்பாரை ஊற்றிப் பிசைந்து முதல் உருண்டையை எடுத்தபோது அண்ணன் வந்து தோளைத் தொட்டார்.

"ஏல, எந்திரி. சம்பந்தி வீட்டு ஆளுக நிக்காங்க. நீ நம்ம வீட்டு ஆளுதான, பெறகு சாப்பிடு."

இருநூறு பேர் பார்க்க, சோறு ஒட்டிய கையோடு எழுந்தார் உலகநாதன். கைகழுவும் இடத்தில் வைத்து அண்ணனிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "இனி உன் வீட்டுச் சோறு என் உடம்புக்குள்ள போகாது."

பதினோரு வருஷம் ஒரு பருக்கைகூடப் போகவில்லை. மதினி பிரமு வைக்கும் உளுந்தங்கஞ்சி என்றால் ஒரு காலத்தில் அவருக்கு உயிர். எந்தக் கஞ்சி வைத்தாலும் அதில் ஒரு சிட்டிகை சுக்கு போடுவாள் பிரமு. "இது கஞ்சியா மதினி, கஷாயமா?" என்று கேட்டுக்கொண்டே மூன்று டம்ளர் குடிப்பார். அதையும் விட்டார்.

போன ஐப்பசியில் அவருக்கு நுரையீரலில் சளி கட்டி மூச்சு நின்றுபோகும் நிலைமை. டவுன் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து வாயில் குழாய் விட்டு மிஷினில் மூச்சு கொடுத்தார்கள். மூக்கு வழியாக இன்னொரு குழாய் வயிற்றுக்குப் போனது. மயக்கத்தில் பிடுங்கிவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் துணியால் கட்டிலோடு கட்டினார்கள்.

முதல் நாலு நாள் அந்தக் குழாயில் ஆஸ்பத்திரிப் பவுடர் பால். அது ஒத்துக்கொள்ளாமல் வயிற்றால் போனது. டாக்டர் உலகநாதனின் மனைவி கோமதியைக் கூப்பிட்டார். "மருந்து நோயைத்தான் பார்க்கும்மா. உடம்பு தாங்கணும்னா உள்ளே சாப்பாடு போகணும். இவரு தசையெல்லாம் கரையுது." அரிசி, பாசிப்பருப்பு, முட்டை வெள்ளை, எண்ணெய் என்று அளவு போட்ட சீட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். அரைத்து, துணியில் வடிகட்டி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை புதிதாகக் கொண்டுவர வேண்டும்.

கோமதியின் அடுப்பு ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ஆவுடையப்பன் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில். கோமதி போய் நின்றாள். பிரமு கையை நீட்டிச் சீட்டை வாங்கிக்கொண்டாள்.

காலை ஆறு மணியிலிருந்து ராத்திரி ஒன்பது வரை தினம் ஆறு தடவை கஞ்சி வந்தது. பிளாஸ்கைத் தூக்கி வந்தது ஆவுடையப்பனே. கேட்டில் கோமதியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஒருநாளும் உள்ளே வரவில்லை.

ஒன்பதாம் நாள் மிஷினை எடுத்தார்கள். பேச்சு லேசாக வந்தது. விழுங்கத்தான் முடியவில்லை, அதனால் மூக்குக் குழாய் அப்படியே இருந்தது. பதினோராம் நாள் மத்தியானம் நர்ஸ் ஜெபசீலி தலைமாட்டை உயர்த்தி வைத்துக் கஞ்சியை மெதுவாக இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் உலகநாதனுக்கு ஏப்பம் வந்தது. சுக்கு வாசனை. கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு கேட்டார். "இது யார் வீட்டுக் கஞ்சி?"

கோமதி பிளாஸ்கை எடுத்து மூடினாள். சபதத்தைக் கோமதி சொல்லித் தெரிந்துவைத்திருந்த ஜெபசீலி முந்திக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக் கஞ்சிதான் அய்யா. ஏன், ருசி பத்தலையோ?"

அவர் மறுபடி கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் ஜெபசீலி கைக்கட்டை அவிழ்த்தாள். "குழாயைப் பிடுங்க மாட்டீங்களே?"

"மாட்டேம்மா."

மறுநாள் கஞ்சி வரக் கொஞ்சம் தாமதம். உலகநாதன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். "சிஸ்டர், மணி ஆறேகால் ஆச்சே."

பத்தொன்பதாம் நாள் குழாய் எடுத்தாயிற்று, வீட்டுக்கும் வந்தாயிற்று. ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போன இடத்தில், நாலு பேர் முன்னால் ஜெபசீலி சிரித்துக்கொண்டே சொன்னாள். "உங்க மதினி கஞ்சிதான் அய்யா உங்களை எந்திரிக்க வச்சது."

வீட்டுக்கு வந்ததும் உலகநாதன் ஆடித் தீர்த்துவிட்டார். இரண்டு நாள் கோமதி கையால் பச்சைத் தண்ணீர் வாங்கவில்லை. அவளுடைய அண்ணனை வரவழைத்து நடுவீட்டில் உட்காரவைத்து, "நான் மயக்கத்துல கெடந்தப்ப எல்லாரும் சேர்ந்து என் சபதத்தை முறிச்சுட்டாங்க" என்றார்.

கோமதி அழுதாள். "மூணு மணி நேரத்துல புளிச்சுப்போற கஞ்சியை நான் ஊர்லருந்து தூக்கிட்டு வரவா?"

பிரமு சொல்லியனுப்பினாள். "கொழுந்தனாருக்கு விருந்தா வச்சேன்? சீக்காளிக்குக் கஞ்சி வச்சேன்."

ஜெபசீலியைக் கேட்டிருந்தால், பொய் சொன்னது உண்மைதான், ஆனால் நோயாளியின் எடை ஏறியது என்றிருப்பாள்.

இப்போது சொல்லுங்கள். கேட்டு வாங்கிய கோமதி, காய்ச்சிய பிரமு, தூக்கி வந்த ஆவுடையப்பன், பொய் சொல்லி ஊற்றிய ஜெபசீலி. உலகநாதனின் சபதத்தை முறித்தது யார்?

விடை: இந்த நாலு பேரும் இல்லை. நினைவில்லாதவன் வயிற்றில் போனதைச் சபதத்தில் சேர்க்க முடியாது. பதினோராம் நாள் ஏப்பத்திலேயே உலகநாதனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஊரில் குழாய்க் கஞ்சிக்குச் சுக்கு போடுகிறவள் ஒருத்திதான். இல்லை என்று யாராவது சொல்லட்டும் என்றுதான் கேட்டார். சொன்னதும் பிடித்துக்கொண்டார். கை அவிழ்ந்த பிறகும் குழாயைத் தொடவில்லை. மறுநாள் மணி பார்த்துக் காத்திருந்தார். பிழைக்க வேண்டும் என்ற ஆசை தப்பில்லை. அதை மறைக்கப் பெண்டாட்டியைக் கூடப்பிறந்தவன் முன்னால் குற்றவாளியாக நிறுத்தினாரே, அதுதான் கேவலம். இன்றைக்கும் அவள் சோறு போடும்போது அவர் இலையைத்தான் பார்க்கிறார், அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் ஆவுடையப்பன் கஞ்சி கொண்டுவந்ததால் எல்லாம் தீர்ந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். 'பந்தியில் உன்னை எழுப்பியது தப்பு' என்று அவர் வந்து சொல்ல வேண்டும். கேட் வரைக்கும் அத்தனை தடவை நடந்தவர், அதைச் சொல்ல இன்னும் வரவில்லை.